ஒரு பல்பு வாங்கக் கூட்டிய பொதுக்குழு

கேரம் மன்றக் கூட்டத்திலிருந்து இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். காதுக்குள் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன் என்றால் வயிற்றெரிச்சல் எந்த அளவில் இருக்கிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அண்ணன் தலைவர், தம்பி பொருளாளர், தங்கை செயலாளர் என்று நடக்கும் எந்த மன்றத்திலாவது நீங்களும் உறுப்பினராக இருந்திருந்தால், மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை. கையை மட்டும் கொடுங்கள்.

போர்டுக்கு மேலே தொங்கும் பல்பு வியாழக்கிழமை இரவு போய்விட்டது. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. தண்டையார்பேட்டையில் எந்தத் தெருமுனைக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருகிற 9 வாட் பல்பு அது. மன்றத்தின் கையிருப்பு 640 ரூபாய். வாங்கி மாட்டியிருந்தால் அன்றைக்கே இரண்டு போர்டு ஆடியிருக்கலாம். ஆனால் விசைப்படகுக்குப் போகும் உறுப்பினர்கள் எல்லாரும் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பதால், முறைப்படி கூட்டம் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார் தலைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கடலை விட்டுவைக்கிறார்கள். எங்கள் மொட்டை மாடியில் அந்த 61 நாளும் பெருகுவது கூட்டங்கள்தாம்.

கூட்டம் நாலரை மணிக்கு. எண்ணூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை உருட்டிக்கொண்டு வந்த உறுப்பினர் நாலு இருபதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த மாடிக்கு நேர் கீழே பாயில் படுத்திருந்த தலைவர் பதினேழு படி ஏறி வந்து சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பது. முகத்தில் பாயின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் வந்தாச்சா, இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறோம்?"

பல்பு என்ற சொல்லை நான் எடுப்பதற்குள் பொருளாளர் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டைப் பிரித்தார். செலவுக்கு ஒப்புதல் கேட்கும் முன் சந்தா பாக்கியை வாசிப்பதுதான் மரபாம். முதல் பெயர் அண்ணனுடையது: மூன்று மாதம், மாதம் 50, ஆக 150 ரூபாய். வாசித்த குரலில் பல வருடக் கணக்கு இருந்தது என்பதை அங்கிருந்த எல்லாரும் புரிந்துகொண்டோம். தலைவரும் புரிந்துகொண்டார். ஒன்பதாம் வகுப்பில் தம்பியின் சைக்கிளுக்கு ட்யூப் மாற்றிக் கொடுத்தது யார் என்று கேட்டார். அந்தச் சைக்கிளையே பிறகு விற்றது யார் என்று தம்பி கேட்டார். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த இரவு ஆட்டோ பிடிக்க ஓடியது யார், அந்த ஆட்டோவுக்குக் காசு கொடுத்தது யார், போன ஞாயிற்றுக்கிழமை குழம்பிலிருந்த வஞ்சிரத்தின் தலைத் துண்டு யார் தட்டுக்குப் போனது, அதை அங்கே போட்ட அம்மாவின் மனசாட்சி எங்கே போனது என்று விவாதம் படிப்படியாக உயர்ந்தபோது, மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல், சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல ஷீட்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். செயலாளரான தங்கை ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் மட்டும் தலையை நிமிர்த்தி, "தலைத் துண்டு விவகாரம் தீர்மானத்தில் வருமா, விவாதத்தில் வருமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நானே என் கைக்காசில் வாங்கி மாட்டிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த நொடியே அண்ணனும் தம்பியும் ஒன்றாகிவிட்டார்கள். ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்று யாரோ சொல்லிக் கேட்ட நாளிலிருந்து, தலைவர் எங்களை ஏற்கெனவே பதிவான சங்கமாகத்தான் நடத்துகிறார். தனிநபர் நன்கொடையை ஏற்க நமது விதிகளில் இடமில்லை என்றார். எந்த விதிகள்? எழுதப்பட்டிருந்தால் அல்லவா கேட்பதற்கு!

பிறகு வெள்ளை வெளிச்சமா மஞ்சள் வெளிச்சமா என்று வாக்கெடுப்பு. பதினொரு பேரில் ஐந்து பேர் அந்த வீட்டுப் பிள்ளைகளும் பெரியப்பா மக்களும். மீதியில் இரண்டு பேர், பொங்கலிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத இன்னோர் அண்ணன் தம்பி. ஒருவர் கை ஏறினால் மற்றவர் கை தானாக இறங்கிவிடும். ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. பதினோராவது கை செயலாளருடையது. கையில் பேனா இருக்கும்போது எப்படித் தூக்குவது என்று அவர் மறுத்துவிட்டார்.

எனக்கு வெளிச்சத்தின் நிறம் பொருட்டே இல்லை. 74 சென்டிமீட்டர் சதுரத்தின் நடுவுக்கு நேர் மேலே விளக்கு தொங்கினால்தான் கை நிழல் காயின் மேல் விழாது. நூல் கனத்துக்குக் கட் அடிக்க முடியும். வெள்ளிக்கிழமை செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஆடியதில், ஒவ்வொரு காய்க்கும் நிழல் ஒரு காயாக நீண்டு, ரெட் போட்டுவிட்டு, அதை உறுதிசெய்ய உடனே போட வேண்டிய ஃபாலோ காய்க்கு நான் குறிவைத்தது நிழலைத்தான். ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. 21-லிருந்த நான், ஆட்டம் முடியும் 25-ஐத் தொடவே இல்லை. 1996-இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் ஆடிய ஊர் இது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இதே வடசென்னையில்தான் சுண்டிப் பழகினார். நாங்களோ பவுடர் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து வஞ்சிரத் தலைக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஏழு மணிக்குக் கீழேயிருந்து தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று அம்மாவின் குரல் கேட்டது. தலைவர், பொருளாளர் இருவரும் ஆளுக்கு இரண்டு குடத்தோடு, சற்று முன் எதுவுமே நடக்காததுபோல் பேசிச் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். பெரியப்பா மக்களும் பின்னாலேயே போனார்கள். எண்ணூர்க்காரர் ஒன்றும் சொல்லாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

இருட்டில் மிஞ்சியிருந்த என்னிடம் செயலாளர் டார்ச் அடிக்கச் சொன்னார். ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்த என் போன் அவர் இரண்டு வரி எழுதுவதற்குள் அணைந்துவிட்டது. கிளம்பும்போது தெருவிளக்கின் கீழே நின்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோணல் மாணலாகக் கடைசி வரி இப்படி இருந்தது: "பல்பு பற்றிய தீர்மானம்: போதிய வெளிச்சம் இல்லாததால் எழுத இயலவில்லை." அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவரும்தான்.