உண்மை விளக்கம்: 20 ஆண்டில் விலகினால் மறுமாதமே பாதிச் சம்பளமா?

"ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர் 20 ஆண்டில் விருப்ப ஓய்வு வாங்கினால் மறுமாதமே பாதிச் சம்பளம்" என்று கடலூர், புதுச்சேரி பக்கம் மத்திய அரசு ஊழியர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

20 ஆண்டில் விருப்ப ஓய்வு பெறலாம் என்பது சரி. 2025 செப்டம்பரில் வந்த விதிகளில் அது இருக்கிறது. ஆனால் பாதிச் சம்பளம், அதாவது கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50 சதவீதம், 25 ஆண்டு முடித்தவருக்குத்தான். 20 ஆண்டு என்றால் அதில் 25-இல் 20 பங்கு.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு அஞ்சல் ஊழியர் 20 ஆண்டு முடித்து 45 வயதில் விருப்ப ஓய்வு பெறுகிறார், சராசரி 60,000 ரூபாய் என்று வையுங்கள். கிடைப்பது 30,000 அல்ல, 24,000. அதுவும் 60 வயதில்தான் தொடங்கும். இடையில் 15 ஆண்டு மாத ஓய்வூதியம் கிடையாது; பிள்ளைகளின் கல்லூரிச் செலவு வரும் காலம் அதுதான்! ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்த நிதியிலிருந்து மொத்தமாகப் பணம் எடுத்தால் மாதத் தொகை இன்னும் குறையும்.

விருப்ப ஓய்வு பெறாமல் ராஜினாமா செய்தால் இந்த மாத ஓய்வூதியமே இல்லை. அப்புறம், தமிழக அரசு ஊழியர்களுக்கு இந்த விதி பொருந்தாது.

கடிதம் கொடுக்கும் முன் உங்கள் தகுதிப் பணிக்காலத்தை, அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் பணி ஆண்டுகளை, அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.