கேட்டது கிடைத்ததால் மட்டுமா நாம் கர்த்தரைத் தேடுகிறோம்?

"யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று சாத்தான் கேட்பதாக யோபின் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சுற்றிலும் வேலியடைத்துக் காத்து, செய்கிற வேலையையெல்லாம் ஆசீர்வதித்துக் கொடுத்தால் பக்தியாயிருப்பதில் என்ன பெருமை என்பது அவன் வாதம். பெங்களூரில் தமிழ்ச் சபைகளுக்கு நடுவே வாழ்கிற எனக்கு, இந்தக் கேள்வி நம்மையும் நோக்கிக் கேட்கப்படுவதாகவே தோன்றுகிறது.

வியாழக்கிழமைதோறும் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் திரளும் கூட்டத்தையும், டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புத்தாண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைக்காக நிற்கும் குடும்பங்களையும் நான் மதிப்போடுதான் பார்க்கிறேன். வேலைக்காகவும், பிள்ளைப்பேற்றுக்காகவும், விசாவுக்காகவும், வீட்டுக்கடன் தீரவேண்டும் என்றும் வருகிறவர்களை ஆண்டவர் புறம்பே தள்ளுகிறவரல்லர். லூக்கா 17-ல் குஷ்டரோகிகள் பத்துப்பேரும் சுகம் வேண்டித்தான் கூப்பிட்டார்கள். பத்துப்பேரையும் அவர் சுத்தமாக்கினார். திரும்பி வந்து அவர் பாதத்தில் விழுந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியனாக ஒதுக்கிய சமாரியன். தேவை நம்மை அவரிடம் கொண்டுவரலாம். ஆனால், அவருக்காகவே அவரோடு நிற்கவைப்பது வேறொன்று.

அந்த வேறொன்றை நம் சபைகள் போதுமான அளவு கற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம். சாட்சி நேரத்தில் பெரும்பாலும் எதைக் கேட்கிறோம்? பொருத்தனை செய்தேன், வேலை கிடைத்தது; உபவாசமிருந்தேன், இடம் கிரயமானது. இவை உண்மையான நன்றிகளே, சந்தேகமில்லை. ஆனாலும் ஆண்டு முழுவதும் இவற்றை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, பக்தி என்றால் கொடுத்து வாங்குவது என்றே விளங்கிக்கொள்ளும். ஐ.டி. நிறுவனமொன்றில் வேலை இழந்த இளைஞர் ஒருவர் எங்கள் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். விசுவாசம் போய்விடவில்லை, சொல்வதற்குச் சாட்சி எதுவும் இல்லையே என்ற வெட்கம் அவரைத் தடுத்தது. ஒரு சபை தன் பிள்ளைக்கு இப்படியொரு வெட்கத்தைக் கொடுக்கலாமா?

அச்சமூட்டிப் பக்தியை வளர்ப்பது இதைவிட மோசம். கர்த்தருக்குக் கொடுக்காததை டாக்டருக்குக் கொடுக்க நேரிடும் என்று, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோயாளியின் வீட்டில் அந்தப் பேச்சு எப்படி இறங்கும் என்று யோசிக்கவேண்டாமா? "அன்பிலே பயமில்லை" என்று யோவான் எழுதியிருக்க, நாம் பயத்தையே முதலாக வைத்து நடத்துகிறோம்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பாருங்கள். மனிதனின் பாவம், கிருபையினால் நீதிமானாக்கப்படுதல், கிறிஸ்துவின் அன்பைவிட்டு எதுவும் நம்மைப் பிரிக்கமாட்டாது என்ற உறுதி என்று பதினொரு அதிகாரங்களை எழுதிய பிறகே, உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று கேட்கிறார். அப்போதும் தண்டனையையோ வெகுமதியையோ காட்டாமல், "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு" என்று கெஞ்சுகிறார். 1563-ல் வெளிவந்த, சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடை இதே வரிசையில்தான் அமைந்திருக்கிறது: மனிதனின் அவலம், மீட்பு, அதன்பின் நன்றியறிதல். பத்துக் கட்டளைகளும் ஜெபமும் அதில் மூன்றாம் பகுதிக்குள், அதாவது நன்றியறிதலுக்குள், வருகின்றன. மீட்கப்பட்டவன்தான் கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிந்து மீட்பைச் சம்பாதிப்பதில்லை.

நன்றி என்பதையும் திருப்பிக் கட்டவேண்டிய கடனாக மாற்றிவிடக்கூடாது. கெட்ட குமாரன் உவமையின் மூத்த மகன் வீட்டைவிட்டுப் போகவில்லை, கட்டளையை மீறவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் உழைத்தும் ஒரு ஆட்டுக்குட்டி கிடைக்கவில்லையே என்று கணக்குப் பார்த்தான். தகப்பனுடையதெல்லாம் தன்னுடையது என்பது அவனுக்கு மகிழ்ச்சியாகவே இல்லை. இளைய மகனின் ஊதாரித்தனத்தைவிட இந்த மகிழ்ச்சியற்ற கீழ்ப்படிதல்தான், சபையிலேயே வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அருகிலிருக்கும் ஆபத்து.

அயர்லாந்தில் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவில் முதலில் பணிசெய்ய வந்தது நம் பெங்களூருக்குத்தான். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போய், கோயில்களுக்கு விடப்படவிருந்த சிறுமிகளை டோனாவூரில் தாயாக நின்று வளர்த்தார். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். அந்த நிலையிலும் ஜெபித்தார், எழுதினார், பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தார். ஆசீர்வாதத்துக்கான விலையாகவே பக்தியைப் பார்க்கிறவர்களால் அந்த இருபது ஆண்டுகளை எந்தக் கணக்கிலும் சேர்க்கமுடியாது.

ஆகவே நம் போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற டிசம்பர் 31 இரவு, கேட்டது கிடைத்தவர்களோடு, கிடைக்காமலே இந்த ஆண்டு முழுவதும் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த ஒருவருக்கும் மைக்கைக் கொடுங்கள். அவர் அழுதாலும், பாதியில் நிறுத்தினாலும் இருக்கட்டும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையும் அன்றைக்கு முன்வரிசையில் உட்காரவையுங்கள்.