அட்டை பிடிபட்டது, கம்பெனி பிடிபடவில்லை

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வேதாளை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம், பிடிக்கவே தடையுள்ள கடல் உயிரினமான கடல் அட்டை பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. போட்டோ எப்போதும் ஒன்றுதான்: முன்னால் சாக்கு மூட்டைகள், பின்னால் தலைகுனிந்த இரண்டு பேர். ஒருவன் பனங்காட்டுக்குள் அண்டா வைத்து அட்டையை அவித்துக் காயப்போட்டவன், இன்னொருவன் படகோட்டி. இரண்டு பேரும் கூலிக்காரர்கள்.

கடல் தாண்டிப் போகிற இந்தச் சரக்குக்குக் காசு எந்த வழியாக வந்தது என்று கேட்க ஆளில்லை. உண்டியலில், அதாவது ஹவாலாவில் வரலாம். கருவாடு ஏற்றுமதி என்று பில் போட்டு, ஒரு பிரைவேட் லிமிடெட் கணக்கிலும் வந்து இறங்கலாம். பத்து ரூபாய் சரக்குக்கு ஐம்பது ரூபாய் பில் போட்டால் மிச்ச நாற்பதும் வெள்ளைப் பணம்.

கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு சேர்த்து. அந்தக் குற்றப் பணத்தை வெள்ளையாக்கினால் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டமும் பாயும். அதன் 70-ஆவது பிரிவில் கம்பெனியும் குற்றவாளி, பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி. தனக்குத் தெரியாது என்றோ, முடிந்தவரை தடுக்கப் பார்த்தேன் என்றோ நிரூபித்தால் அவர் தப்பலாம். ஆள் யாரும் தண்டனை பெறாவிட்டாலும் கம்பெனி மேல் வழக்கு நடத்தலாம் என்று 2013-இல் விளக்கம் சேர்த்தார்கள்.

எனக்கு இந்த விளக்கம்தான் முக்கியம். "ஆதார் நகல் கொடு தம்பி, கையெழுத்துப் போடு, மாதாமாதம் ஏதாவது தருகிறேன்" என்று நம் பையன்களையே டைரக்டர் ஆக்கிவிடுகிறார்கள். ஆளை மட்டும் பிடித்தால் அவன்தான் உள்ளே போவான். முதலாளி அடுத்த கம்பெனிக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருப்பார்.

கம்பெனியை ஜெயிலில் போட முடியுமா என்று சிரிப்பவர்கள் உண்டு. முடியாதுதான். ஆனால் அதற்காக விட்டுவிட முடியாது, அபராதம் போடலாம் என்று 2005-இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் தீர்ப்பு. பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் அபராதத்துக்கு இருந்த ஐந்து லட்ச ரூபாய் உச்சவரம்பையும் பிறகு எடுத்துவிட்டார்கள்.

கம்பெனியை அடித்தால் ஐஸ் பிளாண்டிலும் மீன் தரம் பிரிக்கிற கொட்டகையிலும் நிற்கிற பெண்களுக்குத்தானே அடி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் மூடச் சொல்லாமல் அபராதம் கேட்கிறேன், அதுவும் லாபத்தைத் தின்கிற அளவுக்கு. சில ஆயிரங்கள் என்றால் அதையும் கருவாட்டு பில்லில் ஏற்றிவிடுவார்கள்.

வங்கிகளையும் விடக் கூடாது. அமெரிக்காவில் டிடி பேங்க் என்ற வங்கி 2024-இல் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 300 கோடி டாலர் கட்ட சம்மதித்தது. இங்கே எங்கள் சித்தியின் விதவைப் பென்ஷனுக்கு மூன்று தடவை கேஒய்சி கேட்ட கிளை, இந்த மாதிரிக் கணக்குகளிடமும் அதே கேள்வியைக் கேட்கட்டும்.