வேலையில்லாத நாட்களும் கல்வெட்டு வாசிப்பும்

நெடுநாள் வேலையின்றி வீட்டில் இருக்கும் ஒருவர் ஏதேனும் ஒரு பொழுதுபோக்கில் மனத்தைச் செலுத்தினால், "இந்த அக்கறையை வேலை தேடுவதில் காட்டக் கூடாதா?" என்று கேட்பது நம் ஊர்ப் பக்கம் வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆயினும் அந்தக் கேள்வியில் நியாயமில்லை என்பதை, இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி, ஆள்குறைப்பில் அந்தப் பணியை இழந்து, இன்றுவரை நிலையான வேலை கிடைக்காதவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

விண்ணப்பம் அனுப்ப நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் போதும். மீதிப் பொழுதெல்லாம் காத்திருப்புதான். ஆஸ்திரியாவின் மரியன்தால் என்னும் சிற்றூரில் துணியாலை மூடப்பட்டபின் அவ்வூர் மக்களின் வாழ்க்கையை 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மரி யாஹோடாவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். கையில் நேரம் மிகுந்திருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது அங்கே குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்தது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு ஆகியவற்றையும் கூலியோடு சேர்த்தே வேலை தருகிறது என்று யாஹோடா பின்னாளில் எழுதினார். வேலை போகும்போது அவையும் போய்விடுகின்றன.

எனக்கு அவற்றை ஓரளவு மீட்டுத் தந்தது கல்வெட்டு வாசிப்பு. வேலூரைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இதில் பஞ்சமே இல்லை. பொன்னையாற்றங்கரை மேற்பாடியில், தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், இருக்கிறது. வள்ளிமலையில் சமணச் சிற்பங்களோடு கங்க மன்னர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. விரிஞ்சிபுரம் கோயிலில், பெண்ணுக்குப் பொன் வாங்கித் திருமணம் செய்யக் கூடாது, கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும் என்று படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் 1425ஆம் ஆண்டு, விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், செய்துகொண்ட உடன்படிக்கை பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் இருக்கும். துணைக்கால் குறியையும் (ா) ரகரத்தையும் இடம் பார்த்தே பிரித்தறிய வேண்டும். ஒரு வரியைத் தெளிவாக வாசிக்க ஒரு முழுப் பிற்பகலும் போய்விடும். அந்தப் பிற்பகலில் மனம் வேறெதையும் நினைத்து வருந்துவதில்லை.

ஆனால் வாசித்ததைக் காட்ட ஆள் இல்லாமற்போனால் அந்த ஆர்வம் சில வாரங்களில் வற்றியிருக்கும் என்றே நம்புகிறேன். எங்கள் சிறிய வாட்ஸ்அப் குழுவில் காஞ்சிபுரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், வளைகுடா நாட்டு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவரும், திருச்சியில் படிக்கும் மாணவர் ஒருவரும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. "தம்பி, மூன்றாம் வரியில் எனக்கு ஐயம் இருக்கிறது, சாய்வெயில் விழும் நேரத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?" என்று ஆசிரியர் ஐயா கேட்டுவிட்டால், மறுநாள் மாலைக்கு எனக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது. நான் இரண்டு நாள் பேசாதிருந்தால், "அண்ணா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று அந்தச் செவிலியர் விசாரிக்கிறார். கல்யாண வீடுகளில் உறவினர்கள் என்னிடம் வேலையைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள்; என்னிடம் கேட்பதற்கு வேறொன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மனத்துக்குத் தேறுதல் கிடைப்பதால் அடுப்பு எரியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் என் மனைவியின் சம்பளத்தில்தான் நடக்கின்றன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கும் அரசு உதவித்தொகையை உயர்த்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நட்பும் பொழுதுபோக்கும் அந்தக் கடமையிலிருந்து அரசை விடுவிப்பதில்லை. வேலை கிடைக்கும்வரை ஒரு மனிதர் உடைந்துபோகாமல் இருக்க அவை உதவுகின்றன. உடையாதவர்தான் அடுத்த நேர்காணலுக்கு நிமிர்ந்து போக முடியும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கங்களில் என்னைப் போல் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் யாருக்கேனும் இதில் விருப்பம் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். எழுத்து வரிசை அட்டவணையை அனுப்புகிறேன். உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் படம் எடுத்து அனுப்பினால் முதல் வரியைச் சேர்ந்தே வாசிக்கலாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கல்லின்மேல் மாவோ சுண்ணாம்போ மட்டும் தயவுசெய்து பூச வேண்டாம்.