எங்க வம்சத்துல பூச்சியா!

(கூடம். மேசை மேல் ஐந்து பூச்சி மாத்திரை. மருமகள் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறாள்.)

மருமகள்: அத்தை, இதைக் கடிச்சு மென்னு முழுங்கிடுங்க. அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல போடணும்னு டாக்டர் சொல்லிட்டார்.

மாமியார்: எனக்கு எதுக்குடி? கீரிப்பூச்சி உன் மகனுக்குத்தானே?

மருமகள்: நேத்துவரைக்கும் உங்க பேரன். பூச்சி வந்ததும் என் மகனா?

மாமியார்: எங்க வம்சத்துல யாருக்கும் பூச்சி கிடையாது. லீவுக்கு உங்கம்மா வீட்டுக்குப் போனான்ல, அதிரசமா தின்னிருப்பான். இனிப்பு தின்னா பூச்சி வைக்கும்.

மருமகள்: இனிப்புல வராது அத்தை. முட்டை வாய்க்குள்ள போனாத்தான் வரும்.

மாமியார்: சிவ சிவா! நம்ம வீட்டுல ஏதுடி முட்டை?

மருமகள்: கோழி முட்டை இல்ல, பூச்சி முட்டை. ராத்திரி பிள்ளை தூங்கினதும் பொட்டைப் பூச்சி வெளிய வந்து, பின்பக்கத்துல ஆயிரக்கணக்குல முட்டை போட்டுடும். அரிக்கும். சொறிவான். நகத்துக்குள்ள ஒட்டிக்கும். காலையில அதே கையால உங்களுக்கு முறுக்கு ஊட்டுவான்.

மாமியார்: (யோசித்து) நேத்து ஊட்டினது தட்டை.

மருமகள்: ராத்திரி யார்கூடப் படுக்கிறான்?

மாமியார்: என் போர்வைக்குள்ளதான். கதை சொன்னாத்தானே தூங்குவான்?

மருமகள்: அந்தப் போர்வையில முட்டை 2 வாரம்கூட உயிரோட இருக்கும்.

மாமியார்: அதான் தினம் காலையில வாசல்ல நின்னு உதறுறேனே!

மருமகள்: ஐயோ, உதறவே கூடாது! முட்டை பறந்து நாலு பக்கமும் பரவும். அப்படியே சுருட்டிச் சுடுதண்ணில போடணும்.

மாமியார்: அப்ப எதிர்வீட்டுக்காரிக்கும் ஒரு மாத்திரை வாங்கிடு. அவ கோலம் போடற நேரம் பார்த்துத்தான் உதறுவேன்.

மருமகள்: அத்தை!

மாமியார்: போன வாரம்தான் வேப்பங்கொழுந்து அரைச்சு உருண்டை கொடுத்தேன். அதுல சாகாத பூச்சியா?

மருமகள்: அவன் அதை மாமா தட்டுல வச்சுட்டான். மாமா துவையல்னு தின்னுட்டார்.

மாமியார்: அதான் நல்லாருக்குன்னாரா! கல்யாணம் ஆனதுலேர்ந்து என் சமையலை அவர் அப்படிச் சொன்னதே இல்லடி. ஆமா, பள்ளிக்கூடத்துலயே மாத்திரை தருவாங்களே?

மருமகள்: பிப்ரவரி 10, குடற்புழு நீக்க நாள். அன்னிக்குத்தான் “பிள்ளைக்குச் சளி”ன்னு நீங்க லீவு போட வச்சீங்க.

மாமியார்: சரி, கொடு. ஒண்ணு போதும்ல?

மருமகள்: 2 வாரம் கழிச்சு இன்னொண்ணு. மாத்திரை பூச்சியைத்தான் கொல்லும், முட்டையெல்லாம் சாகும்னு சொல்ல முடியாது. அப்புறம் பொரியறதுக்கு அந்த ரெண்டாவது. அதுவரைக்கும் நகத்தை ஒட்ட வெட்டணும், காலையில எழுந்ததும் அவனைக் குளிப்பாட்டணும்.

மாமியார்: எல்லாம் செய்யறேன். ஆனா உங்கம்மாவும் மாத்திரை போடணும். லீவுல அங்கேயும்தானே படுத்தான்?

மருமகள்: நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன் அத்தை.

மாமியார்: உனக்கு எதுக்குச் சிரமம்? (மாத்திரையை மென்றபடியே போனை எடுத்து) ஹலோ, சம்பந்தியம்மாவா? சௌக்கியமா? ராத்திரியில எங்கேயாச்சும் அரிக்குதா?