மரப் பேட்டர்னை மறக்க வேண்டாம்
டேவிட் பிரவுன் கியர் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்ததே 1947-இல் ஆஸ்டன் மார்ட்டின் கார் கம்பெனியை வாங்கியதுதான் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கார் கம்பெனியை வாங்கியவர் பேரன் டேவிட் பிரவுன். அதே பெயர் கொண்ட தாத்தா 1860-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் தொடங்கியது வார்ப்படத்துக்கான மரப் பேட்டர்ன், அதாவது உருக்கிய உலோகத்தை ஊற்றும் அச்சை எடுப்பதற்கான மர மாதிரி, செய்யும் தொழில். கியர் வேலை அதிலிருந்துதான் கிளைத்தது. நானும் பவுண்டரியில் பேட்டர்ன் செய்தவன். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதற்கென்றே கோடுகளைச் சற்றுத் தள்ளிப் போட்ட தனி அளவுகோலை வைத்துத்தான் மரத்தில் அளவு குறிப்போம். பல்சக்கரம் என்றால் ஒவ்வொரு பல்லையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பார்ப்போம். அப்படிப் பழகிய பட்டறை பின்னால் இயந்திரத்தில் பல் வெட்டும் வேலைக்கு மாறியதில் வியப்பே இல்லை. இந்தக் கம்பெனி டிராக்டரும் செய்தது; 1936-இல் பொறியாளர் ஹாரி ஃபெர்குசனோடு சேர்ந்து அதைச் செய்ய முடிந்ததும் கியர் கைவசம் இருந்ததால்தான். ஆஸ்டன் மார்ட்டினின் டிபி5 காரின் பெயரில் உள்ள அந்த இரண்டு எழுத்துகளும் பேட்டர்ன் பட்டறைக்காரரின் பெயரும்தான்.