படத்தில் வெள்ளையாகக் கிடக்கும் தீவுகள்

இலங்கையின் பழைய ஓரங்குல நிலப்படத்தில் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) யாழ்ப்பாணத்து எங்கள் தீவுப்பகுதியைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைநாட்டுத் தாள்களில் உயரத்தைக் காட்டி நெளிந்து நெருங்கி ஓடுகிற சமவுயரக் கோடுகள் இங்கே கிடையாது. புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு எல்லாமே கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் மேலேதான் இருக்கின்றன. நடுவே வெறும் வெள்ளை.

அளந்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம், 1897 முதல் 1924 வரை நாடு முழுவதையும் அளந்து, ஒரு மைலை ஓர் அங்குலமாக்கி 72 தாள்களில் வரைந்தது. அதற்கு முன்பு ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம்! நெடுந்தீவை மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் டெல்ஃப்ட் என்கிறார்கள்.

ஆனால் தீவாருக்கு அரை அடியும் உயரம்தான். சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கொஞ்சம் கூடுதலாகத் தோண்டினால் கிணறு உவராகிவிடும். என் அப்பம்மா வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி, கலங்கவிடாமல் மேல்தண்ணீரை மட்டும் அள்ளுவார். அடியில் கடல் கிடக்கிறது என்பார்.

படம் விட்ட உயரத்தை ஊர் தன் பெயர்களில் வைத்திருக்கிறது. பிட்டி என்றால் மேடு. தரவை என்றால் மாடு மேயும் புல்வெளி. கலட்டி என்றால் கல்லு நிலம். புங்குடுதீவில் இறுப்பிட்டியும் இருக்கிறது, மடத்துவெளியும் இருக்கிறது. 50 யார் அகலமான குளம்கூட ஓரங்குலத் தாளில் ஒரு மில்லிமீற்றரைத் தொடாது. அதன் பெயருக்கு அங்கே எங்கே இடம்? அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் 1990களின் இடப்பெயர்வில் சிதறிப்போனார்கள். இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

ஒவ்வொரு தீவின் நூலகத்திலும் இந்தத் தாளின் பெருப்பித்த பிரதி ஒன்று இருக்க வேண்டும். முதியவர்களை உட்காரவைத்து, கேணி கேணியாகக் கேட்டு அதில் குறிக்க வேண்டும். நிதி வரட்டும், திட்டம் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

போன மாதம் என் மாமியின் முன் தாளை விரித்தேன். மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஒரு நீலப் புள்ளியில் விரலை வைத்தார். இது மாடு குளிப்பாட்டுகிற குளம், குடிக்கிற கேணி இதற்கு வடக்கே, பூவரச மரத்தடியில் என்றார். தாளில் அந்தக் கேணி இல்லை. அவர் விரல் நகர்ந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன்.